நோவும் என்று சொன்னவர்

பிள்ளை வளர்க்கக் கொஞ்சம் பொய் வேண்டும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மா எங்களை அப்படித்தான் வளர்த்தாள். சோறு தின்னாவிட்டால் குளத்தங்கரைப் பிசாசு தூக்கிக்கொண்டு போகும். கஷாயம் தேனாக இனிக்கும். அப்பா இதோ இப்போது வந்துவிடுவார். எனக்கு வடிவு பிறந்து, தாணு பிறந்து, கடைசியாகப் பகவதி பிறந்தபோது அதே பொய்களைத்தான் தூசி தட்டி எடுத்துப் புழங்கிவந்தேன். எங்கள் பக்கத்து வீட்டுக்கு அம்மை குத்துகிறவர் குடிவந்தார். அதோடு அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது.

அப்போது நாங்கள் மயிலாடியில் இருந்தோம். விடிந்தால் கல்பட்டறைகளில் உளிச் சத்தம் தொடங்கிவிடும். அந்தச் சத்தம் நின்றால்தான் எங்களுக்கு என்னவோ போலிருக்கும். என் வீட்டுக்காரருக்குச் சந்தை முக்கில் பலசரக்குக் கடை. வீட்டை ஒட்டி ஒரு அறையும் அடுக்களையுமாகச் சின்னக் கட்டிடம் ஒன்று எங்களுக்கு இருந்தது. நடுவில் இடுப்பளவு மதில். அதைத்தான் அவருக்கு வாடகைக்கு விட்டோம்.

சர்க்கார் வேலை அவருக்கு. மருங்கூர், கொட்டாரம், அழகப்பபுரம், அஞ்சுகிராமம் என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வைசூரி வராமலிருக்க அம்மை குத்த வேண்டும். சொந்த ஊர் மேற்கே, குழித்துறைக்கும் அப்பால். மனைவியும், கட்டிக்கொடுத்த ஒரே மகளும் அங்கே இருந்தார்கள். மாதம் ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார். பேச்சில் மலையாளம் கலந்த ஒரு இழுப்பு இருக்கும். மெலிந்து உயர்ந்த உடம்பு, காக்கிக் கோட்டு, ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை. குடையை மழைக்கும் வெயிலுக்கும் அவர் விரித்து நான் பார்த்ததில்லை. அது நாய்களுக்காக.

ஊர்ப் பிள்ளைகள் அவரைக் கண்டால் சிதறி ஓடுவார்கள். என் பிள்ளைகளால் எங்கே ஓட முடியும்? ஆள் மதிலுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறார். ஓட வழியில்லாமல் பழகிவிட்டார்கள். 'குத்துமாமா' என்று பெயர் வைத்தது தாணு. வைத்ததோடு நில்லாமல் ஒருநாள் அவர் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டும்விட்டான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவருக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை. "குத்துகேன்லா தங்கச்சி, பெறவு வேற எப்படி விளிக்கது?" என்றார். அன்றிலிருந்து நாங்கள் எல்லோருமே அவரை அப்படித்தான் சொன்னோம். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் என் பிள்ளைகளுக்கு யாரென்று தெரியாது.

அவர் வந்த புதிது. வயிற்றுப் பூச்சிக்காக மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்குக் கஷாயம் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். முற்றத்தில் மூன்று பேரையும் நிறுத்தி வைத்திருந்தேன். தாணு வாயைத் திறக்கவில்லை. "குடி மக்கா, கருப்பட்டி போட்டிருக்கேன், கசக்காது" என்று வழக்கம்போலச் சொன்னேன். கருப்பட்டியாவது ஒன்றாவது. குத்துமாமா மதிலுக்கு அந்தப் பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். தாணு என்னை நம்பாமல் அவரிடம் கேட்டான், கசக்குமா கசக்காதா என்று.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மதிலோரம் வந்தார். "கசக்கும் மக்கா. நல்லாவே கசக்கும். மூக்கைப் பொத்திட்டு ஒரே மடக்கில குடிச்சா கசப்பு நாக்கோட போவும். கொஞ்சங் கொஞ்சமாக் குடிச்சா தொண்டை வரைக்கும் இருக்கும். ரெண்டுல எது வேணும்னு நீயே பாத்துக்க."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. தாணு கிண்ணத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்து முடித்தான். பிறகு என்னிடம் திரும்பி "கசக்கு" என்றான். குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைத் தெரிவிப்பதுபோலச் சொன்னான். அவன் குடித்ததைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

அவருடைய தொழிலை ஒருதடவை நேரிலும் பார்த்தேன். பகவதிக்கு அம்மை குத்துவதற்காகப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். தாய்மார் எல்லோரும் வரிசையில் நின்றபடி அவரவர் பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். மாமா சும்மா கையைத் தொட்டுப் பார்ப்பார், மிட்டாய் தருவார் என்று. அவரோ ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பிள்ளையின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்துக்கொண்டு, கீறுகிற சின்னக் கத்தியைக் காட்டினார். இதை வைத்துக் கையில் கீறப்போகிறேன், நோவும், எறும்புக் கடியைவிடக் கூட, தேள் கடியைவிடக் குறைவு என்றார். சில நாளில் பொங்கும், காய்ச்சல் வரும், பிறகு காய்ந்து உதிர்ந்து தழும்பு நிற்கும், அந்தத் தழும்பு உள்ள பிள்ளையை வைசூரி லேசில் தொடாது என்றார். கடைசியில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாக்கியம்: "கத்தணும்னா கத்திக்கோ, கையை மட்டும் அசைக்காத."

பாதிப் பிள்ளைகள் கத்தினார்கள். ஆனால் கையைக் கொடுத்தார்கள். பகவதி ஊர் கூடும்படி அழுதாள். அழுது முடித்து, வீட்டுக்கு வரும் வழியில் என் தோளில் கிடந்தபடி, தேள் கடித்தால் எப்படியிருக்கும் என்று கேட்டாள்.

எல்லா இடத்திலும் இது பலித்தது என்று சொல்ல முடியாது. அழகப்பபுரத்தில் ஒரு பையன், நோவும் என்ற சொல்லைக் கேட்டதுமே கையை உதறிக்கொண்டு வயலுக்குள் பாய்ந்துவிட்டான். ஆட்கள் துரத்திப் பார்த்தும் கிடைக்கவில்லை. அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஓடினார்கள். வேலை கெட்டது. இந்த ஆள் வாயை மூடிக்கொண்டு குத்தியிருந்தால் என்ன என்று பெண்கள் ஏசினார்கள். மேலதிகாரி வரைக்கும் புகார் போய், அவர் கூப்பிட்டுக் கண்டித்தாராம். இதையெல்லாம் குத்துமாமாவே வந்து எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஓடின பையன் மேல் அவருக்கு வருத்தமே இல்லை. அவன் ஓடியது நியாயம்தான் என்றார்.

ஏன் அண்ணாச்சி இப்படி, ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நான் கேட்டேன்.

"பொய் சொல்லி ஒரு தடவை கையைப் புடிச்சிரலாம் தங்கச்சி. அடுத்த வருசம் அவன் தம்பிக்குக் குத்த நான்தானே வரணும்? அண்ணன்காரன் வாசல்லயே மறிச்சு நிப்பான்."

அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம். வேறு காரணமும் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

எங்கள் வீட்டில் இதனால் ஒரு புதுப் பழக்கம் முளைத்தது. நான் எதைச் சொன்னாலும் பிள்ளைகள் மதிலோரம் போய் நிற்பார்கள். "உள்ளதா மாமா?" என்பார்கள், உண்மையா என்பதற்கு. குளத்தங்கரையில் பிசாசு இருப்பது உள்ளதா? அவர் யோசித்துவிட்டு, இருட்டின பிறகு பல தடவை அந்த வழியாக வந்திருக்கிறேன், பிசாசைப் பார்த்ததில்லை, பாம்பைப் பார்த்திருக்கிறேன், இருட்டில் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்றார். பிள்ளைகளுக்குப் பிசாசுப் பயம் போய்ப் பாம்புப் பயம் வந்தது. யோசித்துப் பார்த்தபோது எனக்கு அதுவே வசதியாக இருந்தது. பிசாசுக்குப் பயந்தவர்கள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பாம்புக்குப் பயந்தவர்கள் தரையைப் பார்த்து நடந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குத்தான் இந்த 'உள்ளதா' பிடிக்கவில்லை. அவர் பிள்ளைகள் மேல் உயிரானவர். ஆனால் கடையை விட்டு நகர மாட்டார். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பாப்போம், கூட்டிட்டுப் போறேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவார். சுசீந்திரம் தேருக்கு அப்படித்தான் ஒவ்வொரு மார்கழியிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருசமும் சொன்னார். வடிவு குத்துமாமாவிடம் போய்க் கேட்டாள், அப்பா தேருக்குக் கூட்டிக்கொண்டு போவது உள்ளதா என்று. அது அப்பா மனசில் இருப்பது, எனக்குத் தெரியாது, அவரிடமே கேள் என்று அவர் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். வடிவு எதிரில் வந்து நின்றாள். "அப்பா, தேருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியே, அது உள்ளதா, சும்மாவா?"

கையில் உருட்டிய சோறு அப்படியே நின்றது. "சும்மாதான்" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகு அவரே திகைத்துப் போனார். வடிவு அழவில்லை. சரி என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அழுதிருந்தால் அவர் பாட்டுக்குச் சாப்பிட்டு எழுந்திருப்பார். அந்தச் 'சரி' அவருக்குச் செரிக்கவில்லை. தேரன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனார். பகவதியைத் தோளில் வைத்துக்கொண்டு கழுத்தெல்லாம் வேர்வையும் பொரியுமாகத் திரும்பி வந்தார். வந்தும் கோபம் அடங்கவில்லை. வாடகைக்கு வந்தவர் நம் வீட்டுக்குள் கோர்ட்டு வைக்கிறார் என்று என்னிடம் முனகினார். ஆனால் தேரைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர்தான் மூன்று பேரையும்விட உரக்கப் பேசினார்.

எனக்கே குத்துமாமா மேல் ஆத்திரம் வந்த நாளும் உண்டு. வடிவு பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டுக் கற்றுக்கொண்டு வந்து, நவராத்திரிக்கு வந்த பெண்களிடமெல்லாம் பாடிக் காட்டினாள். எல்லோரும் குயில் என்றார்கள், கிளி என்றார்கள். அது போதாமல் மதிலோரம் போய் அவரிடமும் பாடினாள். நன்றாயிருக்கிறதா என்று கேட்டாள்.

"சத்தம் கொள்ளாம் மக்கா. ராகம் நிக்கல்ல."

அவர் ஊர்ப் பேச்சில் கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது. ஆனாலும் அன்று அவள் சாப்பிடவில்லை. நான் மதிலடிக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். சின்னப்பிள்ளையிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் நாக்குத் தேய்ந்தா போகும் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் கேட்டாள், அதனால் சொன்னேன், கேட்காமலிருந்தால் நானாகச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். அதுவும் உண்மைதான். அவர் யாரிடமும் வலியப் போய் எதையும் சொன்னதில்லை. கேட்டால் மட்டும்தான்.

வடிவு அதன்பிறகு பாடவே இல்லை. எனக்கு அதில் இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம் உண்டு. மார்கழியில் வாசலில் பெரிய கோலம் போடத் தொடங்கினாள். தெருவே புகழ்ந்தது. அவள் அவரிடம் மட்டும் கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். மாதம் முடியப்போகும்போது ஒருநாள் விடிகாலையில், பெட்டியும் குடையுமாகக் கிளம்பியவரை வழிமறித்து, இது எப்படி என்று கேட்டுவிட்டாள். அவர் கோலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து ஒரு மூலையைப் பார்த்தார். "கொள்ளாம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லாமல் நடந்துபோனார். வடிவு உள்ளே ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் கையிலிருந்த கோலமாவு முழுவதும் என் சேலையில். நாங்கள் மாதம் முழுக்கச் சொன்ன புகழ்ச்சியெல்லாம் சேர்ந்து செய்யாததை அந்த ஒற்றைச் சொல் செய்துவிட்டது.

தாணுவுக்கு உடம்புக்கு வந்தது அதற்கு அடுத்த வருசம். அவனுக்கு ஒன்பது வயதிருக்கும். நீர் பிரியும்போது சுருண்டு சுருண்டு அழுதான். வைத்தியர் மருந்தும் பத்தியமுமாகச் சில மாதம் போயிற்று, வலி நிற்கவில்லை. நாகர்கோவிலுக்கும் அப்பால் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே கல் அடைத்திருக்கிறது, வெட்டித்தான் எடுக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது என்றார். கல் கொத்துகிற ஊரில் பிறந்தவனுக்கு வயிற்றிலும் கல்லா என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். எங்களுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

டாக்டர் தொட்டுப் பார்த்தபோதே அவன் உதைத்துக்கொண்டு மேசையிலிருந்து குதித்திருந்தான். அதனால் அவனிடம் உண்மையைச் சொல்ல வேண்டாம், நாகர்கோவிலுக்குப் புதுச் சட்டை வாங்கப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம், ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. குத்துமாமா அந்த ஆஸ்பத்திரியில்தான் வேலை பழகியவர். அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் உண்டு. கூட வர முடியுமா என்று கேட்டோம்.

வருகிறேன் என்றார். ஆனால் பையன் என்னிடம் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன், அதற்குச் சம்மதம் என்றால் வருகிறேன் என்றார். என் வீட்டுக்காரர், அவன் எங்கே கேட்கப்போகிறான், புதுச் சட்டை என்றதும் குதித்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டார்.

விடியும்போது மாட்டுவண்டியில் கிளம்பினோம். நாகர்கோவிலில் இறங்கி அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் முன்னால் வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே நான், தாணு, எதிரே குத்துமாமா. வண்டி சுசீந்திரத்தை நெருங்கும்வரை தாணு என் காலடியில் இருந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"சட்டை வாங்கப் போறதுக்குப் போர்வை என்னத்துக்கும்மா?"

குளிருமே என்று ஏதோ சொன்னேன். அவன் எதிரே திரும்பினான். "உள்ளதா மாமா?"

முன்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் முதுகு விறைத்ததை நான் பார்த்தேன். குத்துமாமா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பையன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"இல்ல மக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஒனக்கு உள்ள ஒரு கல்லு இருக்கு. அதாலதான் இந்த நோவு. டாக்டர் அதை வெட்டி எடுப்பாரு. வெட்டுகது ஒனக்குத் தெரியாது. மூக்குல ஒரு துணி வைப்பாங்க. ஒரு மாதிரி வாடை அடிக்கும், மூச்சு முட்டுகது மாதிரி இருக்கும். அந்நேரம் பயமா இருக்கும். கொஞ்ச நேரந்தான். பெறவு ஒறங்கிருவே. முழிச்ச பெறவு நோவும். அது பெரிய நோவுதான். ஒவ்வொரு நாளாக் கொறையும்."

தாணு வண்டியிலிருந்து குதித்துவிடுவான் என்று நான் அவன் அரைஞாணைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் குதிக்கவில்லை.

"செத்துப் போவேனா மாமா?"

என் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டதைவிட, பதில் சொல்லப்போகிறவர் அவர் என்பதுதான் எனக்கு நடுக்கமாக இருந்தது. "அண்ணாச்சி" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பையனையே பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல் சொன்னார்.

"செத்தவங்க உண்டு. நான் பாத்திருக்கேன். பொழச்சவங்க அதைவிட ரொம்பக் கூடுதல். ஒன்ன மாதிரிப் பையன்மாரு நடந்து வீட்டுக்குப் போனதை எத்தனையோ தடவை பாத்தாச்சு. நீ பொழைப்பேன்னுதான் நான் நெனைக்கேன். அப்படி நெனைக்காம இருந்தா இந்த வண்டியில ஏறியிருக்க மாட்டேன்."

என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தச் சொன்னார். பழையாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால். இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றார். குத்துமாமாவை இறங்கிப் போகச் சொல்லப்போகிறார் என்றே நான் நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன். அவர் திரும்பி வந்து, முன்னால் ஏறாமல், பின்பக்கமாக ஏறிப் பையனை ஒட்டி உட்கார்ந்தார். நாலு பேர் உட்கார இடமில்லை. குத்துமாமா இறங்கி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நீயும் உள்ள வருவியாப்பா?" என்று தாணு கேட்டான்.

வருவேன் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும். திறந்த வாயை மூடிக்கொண்டார். "வெட்டுற எடத்துக்கு என்னைய விடமாட்டாங்க மக்கா. கதவுக்கு வெளிய நிப்பேன். நீ முழிக்கும்போது பக்கத்துல இருப்பேன்" என்றார்.

வண்டி பாலத்தில் ஏறியது. தாணு முன்னால் பார்த்து, கத்தலாமா என்று கேட்டான். கத்தலாம் என்று பதில் வந்தது. பிறகு அப்பாவிடம் திரும்பி, அப்படியென்றால் சட்டை சும்மாவா என்று கேட்டான்.

"அது உள்ளதுதான். திரும்பி வரும்போது வாங்குவோம்" என்றார் அவன் அப்பா.

ஆஸ்பத்திரியில் அவனை யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. நடந்தே உள்ளே போனான். கதவு சாத்திய பிறகு நான் வராந்தாவின் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். குத்துமாமா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. 'செத்தவங்க உண்டு' என்ற சொல் தலைக்குள் கிடந்து சுற்றியது. என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் இந்த மனிதரின் முகத்தில் ஆயுசுக்கும் விழிப்பதில்லை என்று மனதுக்குள் சபதம் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் படுக்கையிலிருந்த நோயாளிகளின் ஆட்கள் வந்து வந்து ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்றார்கள். நல்ல மனசுக்காரர்கள். ஆனால் அந்தச் சொல் ஒன்றுகூட என்னிடம் ஒட்டவில்லை. அவர்களுக்கு என்ன தெரியும்? குத்துமாமா மட்டும் வந்து எனக்கு ஆறுதல் சொல்லவே இல்லை.

ஒரு கட்டத்தில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் கைகாட்ட, அவர் எழுந்து உள்ளே போனார். வெளியே வந்ததும் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"முடிஞ்சுது தங்கச்சி. கல்லை எடுத்தாச்சு. மூச்சு சீரா இருக்கு. நான் கையைத் தொட்டுப் பாத்தேன், சூடு இருக்கு. இன்னும் முழிக்கல்ல."

சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். வேறு யார் வந்து சொல்லியிருந்தாலும், உள்ளே போய் என் கண்ணால் பார்க்கும்வரை நம்பியிருக்க மாட்டேன். அவர் சொன்ன அந்த நொடியிலேயே எனக்குப் பிள்ளை கிடைத்துவிட்டான். காலையில் வண்டியில் அவர் எதையாவது மாற்றிச் சொல்லியிருந்தால் இந்தச் சொல்லும் எனக்கு வெறும் சொல்லாகத்தான் இருந்திருக்கும் என்று, அழுகைக்கு நடுவிலேயே எனக்குப் புரிந்தது. கும்பிட்டேன். அவர் சங்கடப்பட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தாணு விழித்தபோது அவன் அப்பா பக்கத்தில் இருந்தார். பையன் கத்தினான், நன்றாகவே கத்தினான். ஏமாந்துபோன கத்தல் அல்ல அது. டாக்டர் அந்தக் கல்லைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். ஊருக்கு வந்து நடக்கத் தொடங்கியதும் அதை எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போய், இது என் கல் என்று காட்டினான். சிற்பி ஒருவர் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நம்ம ஊர்க் கல் இல்லை, பிள்ளையார் வராது என்று திருப்பிக் கொடுத்தாராம். அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தான். நீலக் கோடு போட்ட சட்டை.

அதற்குப் பிறகு எங்கள் வீடு ஒரேயடியாக மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். அவசரத்துக்கு நானும் பொய் சொன்னேன், என் வீட்டுக்காரரும் 'பாப்போம்' என்றார். ஆனால் பிள்ளைகள் நேராக எங்கள் முகத்தைப் பார்த்து உள்ளதா என்று கேட்டால், இரண்டு பேருக்கும் பொய்க்கு வாய் புரளவில்லை. பிள்ளைகள் வளர வளர அவர்கள் மதிலடிக்குப் போவது குறைந்தது. எங்களிடமே கேட்கத் தொடங்கினார்கள். இதைக் கவனித்தவர் என் வீட்டுக்காரர்தான். உன் அண்ணாச்சியின் கோர்ட்டில் இப்போதெல்லாம் வழக்கே வருவதில்லையே என்று கேலி செய்தார். அவரும் குத்துமாமாவும் சாயங்காலங்களில் கடை வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் என் வீட்டுக்காரர் பேசுவார், அவர் கேட்பார்.

குத்துமாமாவுக்கு மேற்கே மாற்றல் வந்தது. பெட்டியும் படுக்கையும் வண்டியில் ஏறிவிட்டன. மற்ற இரண்டு பேரும் பெரிய மனிதர்கள்போல நின்றார்கள். பகவதி மட்டும் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு, திரும்ப வருவீர்களா என்று கேட்டாள். தெருவில் நின்றவர்கள் எல்லோரும் பிள்ளைக்காக, வருவார் வருவார் என்றார்கள். அவர் அவளுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"வர முடியும்னு தோணல்ல மக்கா. ரொம்ப தூரம். எனக்கும் வயசாவுது. எனக்கு மனசு ஒங்களையெல்லாம் தேடும். அது உள்ளது."

பகவதி அழுதுகொண்டே கோட்டை விட்டாள். அவர் சொன்னதுபோலவே பிறகு வரவில்லை. பகவதியும் வாசலில் நின்று வழி பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் விளையாடப் போனாள்.

வடிவுக்குப் பூதப்பாண்டியில் இடம் அமைந்தது. நல்ல குடும்பம், நல்ல பையன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீடு நிறையப் பெண்கள். ஆளுக்கு ஆள் அவளிடம், நீ அங்கே ராணியாக இருப்பாய், எங்களையெல்லாம் மறந்தே போவாய் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் எல்லோரும் அயர்ந்திருந்த நேரத்தில் பின்வாசலில் உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அங்க போனா எனக்கு அழுகை வருமாம்மா?"

ஏட்டி, அழுகை ஏன் வரப்போகிறது என்றுதான் நாக்கின் நுனிவரை வந்தது. சீப்பை மடியில் வைத்தேன்.

"வரும். சாயங்காலம் விளக்கு வைக்கும்போது வரும். அந்நேரம் கையில ஏதாவது வேலை இருக்கட்டும். வேலையிருந்தாலும் வரும். பகல்ல அவ்வளவா இருக்காது. மாப்பிள்ளை என்னன்னு கேட்டா மறைக்காத, சொல்லிரு. ஒருநாளு விளக்கு வச்சு முடிச்ச பெறவுதான், இன்னைக்கு அழல்லையேன்னு ஞாபகம் வரும்."

அவள் நான் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒனக்கு எப்பம்மா நின்னுது?" என்றாள்.

என்னிடம் யாரும் அதுவரை இதைக் கேட்டதில்லை. நான் உண்மையாகவே யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

"நீ பொறந்த பெறவு" என்றேன். "அதுக்குமேல அழ நேரமே கெடைக்கல்ல."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே தூங்குகிறவர்கள் எழுந்துவிடாமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, பின்னு" என்று தலையை எனக்கு நேராக வைத்துக் கொடுத்தாள்.